துளையிட்ட பால் டின்: சுங்கை சிப்புட்டில் நான்கு நாள்

முதல் நாள், வியாழன்

சுங்கை என்றால் ஆறு, சிப்புட் என்றால் நத்தை. பெயரைக் கேட்டபோது ரயிலும் அப்படித்தான் ஊர்ந்து போகும் என்று நினைத்திருந்தேன். கோலாலம்பூரில் ஏறி ஒரு தூக்கம் போட்டு எழுவதற்குள் ஈப்போ தாண்டிவிட்டது.

இறங்கியதும் செய்த முதல் காரியம், நிலைய அதிபரின் அறையை எட்டிப் பார்த்தது. யாழ்ப்பாணத்தானுக்கு அது ஒரு பரம்பரை வியாதி. என் தாத்தாவின் தலைமுறையில் எங்கள் பக்கத்தில் மலாயா ரயில்வே என்றால் குடும்பச் சொத்து மாதிரி. ரயிலில் இடம் கிடைக்காதவர்கள் தோட்டங்களுக்குக் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் எழுத்தராகப் போனார்கள். தாத்தாவின் அண்ணன் அப்படிப் போனவர். வெள்ளைக் கோட்டும் சட்டைப்பையில் குத்திய பேனாவுமாக அவருடைய படம் எங்கள் வீட்டு விறாந்தையில் இன்றும் தொங்குகிறது. வீடே அவர் அனுப்பிய காசில் எழும்பியதுதான்.

அழைத்துப் போக நண்பர் மோட்டாரில் வந்திருந்தார். மோட்டார் என்றால் இங்கே மோட்டார் சைக்கிள். சென்ற ஆண்டு நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து எங்கள் வீட்டில் ஒரு வாரம் தங்கியவர், தமிழ்ப்பள்ளி ஆசிரியர். "பசியாறிவிட்டீர்களா, அண்ணா?" என்றார். காலைச் சாப்பாட்டைத்தான் கேட்கிறார் என்று பிடிபடச் சிறிது நேரம் எடுத்தது. எங்களிடம் இல்லாத நல்ல சொல். ஒட்டுக்கடையில் ரொட்டி சானாயும் தே தாரேயும் முடிப்பதற்குள் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் நான்கு எங்களைக் கடந்துவிட்டன. பால்மரத்துக்கு, அதாவது ரப்பருக்கு, பேர்போன இந்தப் பக்கத்தில் இனிப் பால்மரத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும் என்றார் நண்பர்.

நான் வந்தது இரண்டு இடங்களைப் பார்க்க. ஒன்று, மலாயாக் கம்யூனிஸ்ட்டுகளுக்கும் பிரிட்டிஷ் ஆட்சிக்கும் இடையிலான பன்னிரண்டு ஆண்டுச் சண்டை தொடங்கிய இந்த ஊர். மற்றது, அந்தச் சண்டை இரண்டு நாள் ஒரு மேசையில் வந்து உட்கார்ந்த, கெடா மாநிலத்துப் பாலிங். நான் வளர்ந்த வீட்டில் 'பேச்சுவார்த்தை' என்ற சொல் அரிசி, மண்ணெண்ணெய் போல அன்றாடம் புழங்கியது. அதனால் வந்த ஆர்வம்தான்.

இரவு நண்பரின் மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். கொப்பியைத் திருப்பிப் பார்த்தால் பின்னட்டையில் 'ருக்கூன் நெகாரா', நாட்டுக் கோட்பாடு. இறைவன்மீது நம்பிக்கையில் தொடங்கி நன்னடத்தையில் முடியும் ஐந்து வரிகள். 1969 மே 13 அன்று கோலாலம்பூரில் மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் இடையே வெடித்த கலவரத்தில் அரசாங்கக் கணக்குப்படி 196 பேர் செத்தார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று இந்த ஐந்து வரிகளை வெளியிட்டார்கள். என் பள்ளிக்கூடக் கொப்பியின் பின்னட்டையில் பெருக்கல் வாய்பாடுதான் இருந்தது.

இரண்டாம் நாள், வெள்ளி

காலையில் எல்பில் தோட்டம். நண்பருக்குப் பள்ளி இருந்ததால் அவருடைய மைத்துனர் காரில் கூட்டிக்கொண்டு போனார். வழிநெடுகச் செம்பனை, தூரத்தில் மலைத்தொடர், நடுவில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளி. பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லை.

1948 ஜூன் 16 காலை, இந்தத் தோட்டத்து மேலாளர் வாக்கரை அவருடைய அலுவலகத்தில் வைத்துச் சுட்டார்கள். சைக்கிளில் வந்த சீன இளைஞர்கள் மூவர். துரைக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் சுட்டார்கள் என்று சொல்வதுண்டு. சற்று நேரத்தில் பக்கத்து வட்டாரத் தோட்டமொன்றில் அலிசன், கிறிஸ்டியன் என்ற இரண்டு வெள்ளைக்காரர்கள் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம். 1960 ஜூலை 31 வரை அது நீண்டது. கொல்லச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு போகவில்லை என்று கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளர் சின் பெங் பின்னாளில் சொன்னார். பன்னிரண்டு ஆண்டுக் கணக்கை ஊர்மட்டத்து ஆட்கள் சிலர் தொடங்கிவைத்துவிட்டார்கள் என்பது கேட்க எனக்குப் புதிதாக இல்லை.

துப்பாக்கி அன்று வெடித்ததற்கு முன்பே தோட்டங்கள் கொதித்துக்கொண்டுதான் இருந்தன. ஜப்பான்காரன் காலத்துப் பட்டினியும் சயாம் ரயில் பாதை வேலைக்குப் போய்த் திரும்பாதவர்களும் போக, மிஞ்சியவர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கியிருந்தார்கள். அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர் எஸ். ஏ. கணபதி, ஒரு தமிழர். கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்று குற்றம் சாட்டி 1949 மே 4 அன்று கோலாலம்பூர்ப் புடு சிறையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். காட்டில் இருந்தவர்களில் பெரும்பாலோர் சீனர்கள், போலீசில் பெரும்பாலோர் மலாய்க்காரர்கள். ஆகவே இதை இரண்டு இனத்தாரின் கதையாகச் சொல்லி முடித்துவிடுவது எளிது. கணபதியின் பெயர் வந்ததும் கணக்கு உதைக்கிறது.

மாலையில் நண்பரின் பாட்டியைப் பார்க்கப் போனோம். இன்னும் தோட்டத்துக்குள்ளேயே, பழைய லயத்து வீட்டில் இருக்கிறார். தோட்டத்தின் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். 1948-இல் அவருக்கு ஒன்பது வயது.

"நீ கிராணி வீட்டுப் பிள்ளையா, தம்பி?"

ஆம் என்றேன். வெற்றிலையை மடித்து, வாயில் ஒதுக்கி, மென்று முடிக்கும்வரை பாட்டி ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: "எங்கள் கிராணி பால் நிறுக்கும்போது தராசைப் பார்க்கவிடமாட்டார். எட்டிப் பார்த்தால் அன்றைக்குப் பேர் வெட்டு, கூலி இல்லை."

விறாந்தைப் படத்தின் சட்டைப்பையிலிருந்த பேனா ஞாபகத்துக்கு வந்தது. நான் தேநீரைக் குடித்தேன்.

அவசரகாலத்தில், சிதறிக் கிடந்த லயங்களைப் பெயர்த்து ஒரே இடத்தில் குவித்துச் சுற்றிலும் முள்கம்பி அடித்தார்கள். காட்டோரத்துச் சீனக் குடியானவர்களுக்குப் புதுக்கிராமங்கள். ஏறத்தாழ ஐந்து லட்சம் பேரைக் கொண்டுவந்து கம்பிக்குள் வைத்தார்கள். காட்டில் இருப்பவனுக்கு ஒரு பிடி அரிசி போகக்கூடாது என்பதுதான் திட்டம். ஊரடங்கு முடிந்து விடிந்த பிறகுதான் வாசல் திறக்கும். பால்மரம் தெரிந்தவர்களுக்கு அதன் பொருள் புரியும்: இருட்டோடு வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும், வெயில் ஏறினால் குறையும், பால் குறைந்தால் கூலி குறையும். வாசலில் ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் சோதனை. வாளிக்குள் குச்சி விட்டுத் துழாவுவார்கள். வேலைக்காட்டுக்குச் சோறு கட்டிக்கொண்டு போகக்கூடாது. பசியோடு போய்ப் பசியோடு திரும்ப வேண்டும்.

உள்ளே வந்தாலும் நிம்மதி இல்லை. 1948-இல்தான் எல்லோருக்கும் படம் எடுத்து அடையாளக் கார்டு கொடுத்தார்கள். காட்டிலிருந்து வந்தவர்கள் அந்தக் கார்டைப் பிடுங்கிக் கிழிப்பார்கள். கார்டு இல்லையென்றால் போலீஸ் பிடிக்கும். மரப்பட்டையைக் கண்டபடி கொத்திவிட்டுப் போவார்கள். மரம் காய்ந்தால் யாருக்குக் கூலி போகும்?

"நீங்கள் யார் பக்கம் இருந்தீர்கள், பாட்டி?" என்று கேட்டுவிட்டேன். அசட்டுக் கேள்வி.

"வேலிப் பக்கம்" என்றார்.

பிறகு எழுந்து அடுப்படிக்குப் போய் ஒரு பால் டின்னோடு வந்தார். இன்றைக்குக் கடையில் வாங்கிய டின். அப்போதெல்லாம் டின்னைக் கடைக்காரர் ஆணியால் குத்தித்தான் கொடுப்பாராம். குத்திய டின் கெட்டுப்போகும், பதுக்கி வைக்க முடியாது, காட்டுக்கும் போகாது. பாட்டியின் அம்மா அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். மரத்துப் பால் வடியும் மங்கில் ஒட்டிக் காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலில் சுண்டைக்காய் அளவு கிள்ளி, உள்ளங்கையில் உருட்டி, துளைமேல் வைத்துக் கட்டைவிரலால் ஒரு அழுத்து. பாட்டி தம் விரலை டின்மேல் வைத்து அழுத்திக் காட்டினார். நகம் வெளுக்கும்வரை அழுத்தினார். "எறும்பு ஏறாது. மூன்று நாள் தம்பிக்குப் பால் இருக்கும்." எத்தனையோ வல்லுநர்கள் கூடிப் போட்ட பட்டினித் திட்டத்தைச் சுண்டைக்காய் அளவு ரப்பர் மூன்று நாளுக்கு ஒத்திவைத்திருக்கிறது.

1955-இல் வானத்திலிருந்து காகிதம் விழுந்ததும் அவருக்கு நினைவிருக்கிறது. சரணடைந்தால் பொதுமன்னிப்பு என்று அறிவித்து, தமிழிலும் அச்சடித்து விமானத்திலிருந்து போட்டார்கள். "நல்ல வழவழப்பான தாள். அப்பா சுருட்டு மடிக்க வைத்துக்கொண்டார்."

மூன்றாம் நாள், சனி

பேராக்கில் சனியும் ஞாயிறும் பள்ளி விடுமுறை. கெடாவில் வெள்ளியும் சனியும். ஆகவே இன்று நண்பரும் வந்தார். குவாலா கங்சார், லெங்கோங், கிரிக் என்று வடக்கே போய், கிளியான் இந்தான் வழியாகப் பாலிங். வளைவுகளில் என் வயிறு தோட்டத்துத் தராசு போல ஆடியது.

கிளியான் இந்தானில் இறங்கி நின்றோம். ஈயச் சுரங்கத்துக்காக உரித்தெடுத்த மலைச்சரிவு, அதற்கு மேலே காடு. 1955 டிசம்பரில் சின் பெங் இந்தப் பக்கத்துக் காட்டிலிருந்துதான் வெளியே வந்தார். வரவேற்க நின்றவர் ஜான் டேவிஸ் என்ற ஆங்கிலேயர். ஜப்பான் காலத்தில் இருவரும் ஒரே பக்கம் நின்று சண்டை போட்டவர்கள். அதற்காகச் சின் பெங்குக்குப் பிரிட்டிஷ் அரசு ஓ.பி.ஈ. விருதுகூடக் கொடுத்திருந்தது. பிறகு அதே தலைக்கு 250,000 மலாயா வெள்ளி விலை வைத்தது.

பாலிங்கில் ஊரை விடப் பெரிதாகச் சுண்ணாம்புக் குன்று நிற்கிறது. மனித ரத்தம் குடித்த கோரைப்பல் ராஜா ஒருவன் இங்கே வந்து தன் பற்களைப் பிடுங்கி எறிந்தானாம்; பாலிங் என்றால் எறிதல். பேச்சுவார்த்தைக்கு இந்த ஊரைத் தேர்ந்தவர்களுக்கு அந்தக் கதை தெரிந்திருந்தால் சிரித்திருப்பார்கள்.

பேசியது ஒரு பள்ளிக்கூடத்தில். விடுமுறை என்பதால் வாசலோடு நின்றுதான் பார்க்க முடிந்தது. 'ருண்டிங்கான்', பேச்சுவார்த்தை, என்றதுமே காவலாளி தலையாட்டினார். வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது அதைத்தான் போலிருக்கிறது.

டிசம்பர் 28, 29. அரசாங்கத் தரப்பில் மூன்று பேர்: ஐந்து மாதம் முன்பு தேர்தலில் 52 இடங்களில் 51-ஐ வென்ற கூட்டணியின் தலைவர் துங்கு அப்துல் ரஹ்மான், சிங்கப்பூரின் முதலமைச்சர் டேவிட் மார்ஷல், மலாயாச் சீனர் சங்கத்தின் டான் செங் லோக். எதிரில் மூன்று பேர்: சின் பெங், சென் தியென், ரஷீத் மைதீன். படங்களில் சின் பெங் ஒல்லியாக, பள்ளி ஆசிரியர் போல இருப்பார். வயது 31.

கேட்டது இவ்வளவுதான். கட்சியைச் சட்டபூர்வமாக ஏற்றுக்கொள்ள வேண்டும். காட்டிலிருந்து வருகிறவர்களைப் பிடித்து வைத்து விசாரிக்கக்கூடாது. சரணடைதல் என்ற சொல்லே வேண்டாம். துங்கு மூன்றுக்கும் இணங்கவில்லை. சின் பெங் ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்: உள்நாட்டுப் பாதுகாப்பும் படையும் மலாயா அரசின் கைக்கு வந்தால் சண்டையை நிறுத்துகிறோம். துங்கு கெட்டிக்காரர். அடுத்த மாதமே லண்டனுக்குப் போய், அந்த வார்த்தையையும் கையில் வைத்துக்கொண்டு சுதந்திரத்துக்கு நாள் குறித்துக்கொண்டு வந்தார். 1957-இல் சுதந்திரம் வந்தது, சண்டை நிற்கவில்லை. தோற்ற பேச்சுவார்த்தை என்று எல்லோரும் எழுதுகிறார்கள். துங்குவுக்கு அது தோற்கவில்லை என்றே எனக்குப் படுகிறது.

வாசற்கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் கதிரைகளை எண்ணினேன். மலாய்க்காரர் உண்டு, சீனர் உண்டு, சிங்கப்பூர் யூதரும் உண்டு. இந்தியர் இல்லை. சண்டை தொடங்கிய சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன் அந்த ஆண்டுதான் மலாயா இந்தியக் காங்கிரசின் தலைவராகி, துங்குவின் அமைச்சரவையில் தொழிலாளர் அமைச்சராகவும் ஆகியிருந்தார். எல்பிலில் துப்பாக்கி வெடித்த ஜூன் 16 அவருடைய பிறந்தநாளும்கூட. அவருக்கும் இங்கே இடம் இல்லை. வேலிக்குள் கிடந்தவர்களின் பசியைப் பற்றிப் பேச அந்த மேசையில் ஆளே இல்லை.

அதற்கு முன் 1949-இல் இனங்களுக்கிடையே இணக்கம் காண ஒரு சமூகத் தொடர்புக் குழு கூடியது. குடியுரிமை யாருக்கு என்பது போன்ற கடினமான கேள்விகளை மூடிய அறைக்குள் பேசினார்கள். தலைமை தாங்கியவர் துரைசிங்கம், இலங்கைத் தமிழர். சிறுவயதில் இதைப் பெருமையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தலைமைக் கதிரையே எங்களுக்கு என்று. நேற்றைய தராசுக் கதைக்குப் பிறகு அந்தப் பெருமையை முன்போல விழுங்க முடியவில்லை.

எங்கள் நாட்டுக் கதிரைகளையும் எண்ணாமல் இருக்க முடியவில்லை. 2002 பிப்ரவரி 22-இல் போர்நிறுத்தம். ஏ9 பாதை திறந்தபோது கொழும்பிலிருந்து சித்தி வந்தார். அம்மா வாசலில் நின்று அழுதார். செப்டம்பரில் தாய்லாந்தின் சத்தஹிப்பில் முதல் சுற்று. ஆறு சுற்றுவரை நடந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் வீட்டில் வானொலியைச் சுற்றி உட்காருவோம். முஸ்லிம்கள் தங்களுக்குத் தனித் தரப்பாக இடம் கேட்டார்கள், கிடைக்கவில்லை. மலையகத்துத் தோட்டங்களுக்கும் கதிரை இல்லை. அது ஒரு குறையாக எனக்கு அப்போது தோன்றவே இல்லை. எங்கள் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதே போதுமாக இருந்தது.

திரும்பும் வழியில் நண்பர் வேறொன்று சொன்னார். 1974-இல் ரப்பர் விலை விழுந்தபோது இதே பாலிங்கில் சிறு தோட்டக்காரர்கள் பசி தாங்காமல் ஊர்வலம் போனார்கள். பெரும்பாலும் மலாய்க்காரர்கள். கோலாலம்பூரில் மாணவர்கள் ஆதரவாகக் கிளம்ப, இளைஞர் தலைவரான அன்வார் இப்ராஹிமைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். பாலிங் என்றால் சிலருக்கு மேசை நினைவுக்கு வரும், சிலருக்கு அந்த ஊர்வலம். இருட்டில் கிரிக்கைத் தாண்டும்வரை நாங்கள் மேலே பேசவில்லை. வளைவுகள் பேசவிடவில்லை என்பதும் உண்மை.

நான்காம் நாள், ஞாயிறு

ரயில் மதியம். காலையில் பாட்டியிடம் சொல்லிக்கொள்ளப் போனேன்.

பாலிங்கில் நடந்ததை விவரித்தேன். கதிரை என்றபோது பாட்டிக்கு விளங்கவில்லை. நாற்காலி என்று திருத்திச் சொன்னேன்.

"நம் ஆட்கள் யாராவது உட்கார்ந்திருந்தார்களா?"

"இல்லை, பாட்டி."

"சம்பந்தன்?"

"அவரும் இல்லை."

"அவர் முதலாளி வீட்டுப் பிள்ளை. ஆனாலும் எங்கள் ஊர். கூப்பிட்டிருக்கலாம்." கோபமாகச் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு அழைக்காத உறவைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார்.

கடைசியில் சமாதானம் எப்போதுதான் வந்தது என்று கேட்டார். 1989 டிசம்பர் 2, தாய்லாந்தின் ஹாட்யாயில் ஒரு ஹோட்டலில் கையெழுத்திட்டார்கள் என்றேன். சரணடைதல் என்ற சொல் அந்த ஒப்பந்தத்தில் இல்லை. பாலிங்கில் முறிந்த சொல்லை எடுத்துவிட 34 ஆண்டுகள். சின் பெங்கை மட்டும் நாட்டுக்குள் விடவே இல்லை. 2013 செப்டம்பர் 16 அன்று, மலேசியா தினத்தன்று, பாங்காக்கில் இறந்தார்.

"அவனுக்கும் அம்மா இருந்திருப்பாள்" என்று சொல்லிவிட்டுப் பாட்டி அடுப்படிக்குப் போனார்.

வாழையிலையில் சோறு, நெத்திலிச் சம்பால், ஒரு அவித்த முட்டை. மேலே தாள் சுற்றி நூல் போட்டு இறுக்கினார். ரயிலிலேயே வாங்கிக்கொள்வேன் என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. தோட்டத்தில் இப்போது வேலை செய்கிறவர்கள் வங்காளதேசத்தவர், இந்தோனேசியர். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டில் தமிழ்க் குரல் கேட்பது அபூர்வம் என்று பேச்சுவாக்கில் சொன்னார். "அவர்களும் விடியற்காலையில்தான் போகிறார்கள். சோறு கட்டிக்கொண்டுதான் போகிறார்கள்."

தோட்ட வாசலில் தடுப்புக்கம்பி இறங்கியிருந்தது. காவலுக்கு நின்ற நேபாளி இளைஞன் மோட்டாரை நிறுத்தி, என் மடியில் இருந்த பொட்டலத்தைக் காட்டி என்னவென்று மலாயில் கேட்டான்.

"நாசி" என்றேன். சோறு. எனக்குத் தெரிந்த ஐந்தாறு மலாய்ச் சொற்களில் அது ஒன்று.

கம்பியைத் தூக்கினான்.